அதர்ப்பட யாத்தல்: அயல்நாட்டுத் தொலைக்காட்சி வடிவங்கள் தமிழில் பெறும் வரவேற்பு குறித்துச் சிவகாசியிலிருந்து ஒரு கருத்துரை

முன்னுரை

அயல்நாட்டில் உருவான தொலைக்காட்சி நிகழ்ச்சிகளின் வடிவத்தை ஏற்று அவற்றைத் தமிழில் மீளுருவாக்கும் வழக்கம் கால் நூற்றாண்டைத் தொட்டுள்ளது. பிரித்தானியத் தொலைக்காட்சியில் 1998-இல் தோன்றிய கோடீஸ்வரர் வினாடிவினா, 2000-ஆம் ஆண்டில் இந்தியிலும் தமிழிலும் வடிவெடுத்தது. நெதர்லாந்தில் 1999-இல் தொடங்கிய 'பிக் பிரதர்', 2006-இல் இந்தியிலும் 2017-இல் தமிழிலும் 'பிக் பாஸ்' ஆயிற்று. 2021-இல் 'மாஸ்டர் செஃப்', 'சர்வைவர்' ஆகிய இரண்டும் தமிழுக்கு வந்தன. இவற்றுள் சில ஆண்டுதோறும் தொடர்கின்றன. சில ஒரு பருவத்தோடு நின்றன. இவ்வேறுபாட்டுக்குக் காரணம் யாது என்பதே இக்கருத்துரை எழுப்பும் வினா.

தமிழ்த்துறைகளில் இவ்வினா எழும்போது இருவகை விடைகளே பெரும்பாலும் கிடைக்கின்றன. இத்தகைய நிகழ்ச்சிகள் யாவும் பண்பாட்டுச் சீரழிவு, ஆதலின் ஆய்வுக்கு உரியன அல்ல என்பது ஒன்று. பார்வையாளர் எண்ணிக்கையே அனைத்தையும் சொல்லிவிடும், அது ஊடகத்துறையினரின் வேலை என்பது மற்றொன்று. முன்னது பார்வையாளரைக் குற்றவாளி ஆக்குகிறது; பின்னது அவரை வெறும் எண்ணாக்குகிறது. ஒரு நிகழ்ச்சியை ஏன் ஏற்றார், ஏன் கைவிட்டார் என்று பார்வையாளரையே கேட்கும் பொறுப்பை இரண்டுமே தட்டிக் கழிக்கின்றன. அவ்வினாவுக்கு விடை காணும் கருவி தமிழ் இலக்கண மரபிலேயே உள்ளது என்பதும், அக்கருவியைச் சோதித்துப் பார்க்கச் சிவகாசி தக்க இடம் என்பதும் இக்கட்டுரையின் கருத்துகளாகும்.

சிவகாசி தரும் சான்று

சிவகாசி அயற்பொருளைத் தன்பொருளாக்கி வாழ்ந்த ஊர். 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினர். சுவீடன் நாட்டு நிறுவனம் இயந்திரங்களைக் கொண்டு இந்தியாவில் தீப்பெட்டி செய்யத் தொடங்கிய காலமும் அதுவே. அதே பொருளைச் சிவகாசி கைத்தொழிலாக மாற்றியமைத்தது. பட்டாசும் அச்சும் அதனைப் பின்தொடர்ந்தன. எனினும் நம் வினாவுக்கு நேரான சான்று இவற்றினும் வேறொன்று. 1972-இல் சிவகாசியிலிருந்து சௌந்தரபாண்டியன் வெளியிடத் தொடங்கிய முத்து காமிக்ஸும், 1984-இல் விஜயன் தொடங்கிய லயன் காமிக்ஸும் அச்சான்று.

முத்து காமிக்ஸின் முதல் இதழ் 'இரும்புக்கை மாயாவி'. பிரித்தானியச் சிறுவர் இதழொன்றில் 1962-இல் தோன்றிய படக்கதையின் தமிழ்வடிவம் அது. இத்தாலியின் டெக்ஸ் வில்லரும், பெல்ஜியப் பதிப்புலகின் லக்கி லூக்கும், 'கேப்டன் டைகர்' எனப் பெயர் பெற்ற ப்ளூபெரியும் பின்னர் இவ்வூர் அச்சகங்களின் வழியே தமிழ் பேசினர். இங்கு நோக்கத்தக்கது ஒன்றுண்டு. இப்படக்கதைகளில் உள்ளூர்மயம் என்று சொல்லத்தக்கது மிகக் குறைவு. படங்கள் அயலாரால் வரையப்பட்டவை. தெருக்கள் லண்டன் தெருக்கள். பாலைநிலம் அமெரிக்கப் பாலைநிலம். உடை, உணவு, முகம் எதுவும் தமிழுக்கு மாறவில்லை. மாறியது சொல் மட்டுமே. ஆயினும் இரண்டு மூன்று தலைமுறை வாசகர் அவற்றைத் தம்முடையவையாகவே கொண்டனர்.

மூலத்தின் தலைப்பு எஃகு நகத்தை மட்டுமே சுட்டுகிறது. மின்னதிர்ச்சி பட்டவுடன் உருமறையும் நாயகனைத் தமிழ்த்தலைப்பு 'மாயாவி' என்கிறது. அச்சொல் தமிழ்ச்சிறுவர்க்குக் கதைகேட்கும் பருவத்திலேயே அறிமுகமானது. இராமாயணத்திலும் மந்திரக் கதைகளிலும் பழகியது. அறிவியற் புனைவின் நாயகனுக்கு மந்திரக் கதை மரபில் ஓர் இருக்கை கிடைத்துவிட்டது. வாசகன் லண்டனுக்குச் செல்ல வேண்டியிருந்தாலும், தான் நின்ற இடத்திலிருந்தே புறப்பட முடிந்தது.

தொலைக்காட்சி மீளுருவாக்கங்களின் நிலை இதற்கு நேர்மாறானது. பங்கேற்பவர் தமிழர், உணவு தமிழர் உணவு, பேச்சு தமிழ்ப்பேச்சு. எலும்புக்கூடு மட்டுமே அயல்நாட்டது. இருந்தும் சில நிகழ்ச்சிகள் அயலாகவே நின்றுவிடுகின்றன. ஆகவே உள்ளூர்ப்பொருள் எத்துணை நிரப்பப்பட்டது என்னும் அளவு வரவேற்பை விளக்கப் போதாது. வேறோர் அளவுகோல் தேவை.

வழிநூல் இலக்கணம்

தொல்காப்பிய மரபியல் நூலை முதல்நூல், வழிநூல் எனப் பகுத்து, வழிநூலை நால்வகைப்படுத்துகிறது. தொகுத்தல், விரித்தல், தொகைவிரி ஆகிய மூன்றோடு மொழிபெயர்த்தல் நான்காவதாக வைக்கப்பட்டுள்ளது. அந்நான்காம் வகையை மட்டும் 'அதர்ப்பட யாத்தல்' என்னும் நிபந்தனையோடு ஆசிரியர் கூறுகிறார். அதர் என்பது வழி. பிறமொழிப் பொருள் தமிழில் வருங்கால் அது நெறிப்பட அமைய வேண்டும் என்பது கருத்து. சொல்லை மாற்றுவது ஒரு செயல், வழிப்பட அமைப்பது மற்றொரு செயல் என்னும் தெளிவு இங்குப் பெறப்படுகிறது.

நன்னூல் மூன்றாவதாகச் சார்புநூலையும் சேர்க்கிறது. முதலோடும் வழியோடும் சிலவற்றில் ஒத்துச் சிலவற்றில் திரிவது அது. தமிழ் 'பிக் பாஸ்' நெதர்லாந்திலிருந்து நேரே வராமல் இந்தி வடிவத்தின் வழியாக வந்தது என்பதை எண்ணினால், இவ்வகைப்பாடு இன்றைக்கும் எவ்வளவு பொருந்துகிறது என்பது விளங்கும். லிட்டனின் ஆங்கிலக் கதைப்பாடலைத் தழுவிய சுந்தரம் பிள்ளையின் 'மனோன்மணீயம்' (1891), ஷேக்ஸ்பியரை 'அமலாதித்யன்' எனவும் 'வாணீபுர வணிகன்' எனவும் மேடையேற்றிய பம்மல் சம்பந்த முதலியார் ஆகிய சான்றுகளைத் தமிழ்த்துறைகள் இவ்வளவுகோலால் அளந்து பழகியவை. அதே கோலைத் தொலைக்காட்சிக்கு நீட்ட நாம் ஏன் தயங்குகிறோம்?

தலைப்பும் விளியும்

வினாடிவினாவின் பயணத்தை அதன் தலைப்புகளே காட்டும். ஆங்கில மூலம் கோடீஸ்வரர் ஆக விரும்புவோர் யார் என வினவுகிறது. இந்தித் தலைப்பு கோடீஸ்வரர் ஆகப்போவது யார் என வினவுகிறது. இரண்டும் படர்க்கையை நோக்கியவை. 2000-இல் சன் தொலைக்காட்சியில் சரத்குமார் நடத்திய தமிழ்வடிவம் 'கோடீஸ்வரன்' என்னும் ஆண்பாற் பெயரோடு நின்றது. 2012-இல் விஜய் தொலைக்காட்சியில் சூர்யா தொகுத்தளித்தபோது தலைப்பு 'நீங்களும் வெல்லலாம் ஒரு கோடி' ஆயிற்று.

இத்தொடரின் இலக்கணம் கூர்ந்து நோக்கற்குரியது. படர்க்கை முன்னிலையாயிற்று, அதுவும் மரியாதைப் பன்மை. 'நீங்களும்' என்பதிலுள்ள உம்மை எச்சவும்மை. பிறர் வென்றனர், இனி உங்கள் முறை என்னும் குறிப்பை அது தருகிறது. 'வெல்லலாம்' என்பது இயல்வதையும் இசைவையும் ஒருங்கே உணர்த்தும் வியங்கோட் சாயலுடைய வடிவம். கடைக்காரர் வாடிக்கையாளரை அழைப்பதும் ஊர்ப்பெரியவர் பந்திக்கு அழைப்பதும் இவ்வடிவத்தில்தான். சூர்யாவுக்குப் பின் பிரகாஷ்ராஜும் அரவிந்த்சாமியும் தொகுப்பாளர்களாக வந்தபோதும் இத்தலைப்பு மாறவில்லை. தொகுப்பாளரைக் காட்டிலும் அழைப்பே நிலைத்தது.

2019 இறுதியில் கலர்ஸ் தமிழில் ராதிகா சரத்குமார் நடத்திய 'கோடீஸ்வரி' அடுத்த படி. பெண்கள் மட்டுமே பங்கேற்கும் வடிவமாக அது அமைந்தது. 2020 சனவரியில் செவித்திறனும் பேச்சுத்திறனும் இல்லாத மதுரைப் பெண் ஒருவர் அந்நிகழ்ச்சியில் ஒரு கோடி ரூபாயை வென்றார். ஆண்பாற் பெயரில் தொடங்கி, முன்னிலை அழைப்பாகி, பெண்பாற் பெயராகி, இறுதியில் யாரும் எதிர்பாராத ஒருவரை இருக்கையில் அமர்த்தும் அளவுக்கு வடிவம் விரிந்தது. விதிகள் ஏறத்தாழ அவையே. யாரை நோக்கிப் பேசுகிறது என்பதே படிப்படியாக மாறியது. விரித்தல் என்று மரபியல் சொல்வதற்கு இதனைக் காட்டாகக் கொள்ளலாம்.

நடுவர் நிலை

'பிக் பிரதர்' என்னும் பெயர் ஆர்வெல் 1949-இல் வெளியிட்ட புதினத்திலிருந்து எடுக்கப்பட்டது. எங்கும் கண்காணிக்கும் ஆட்சியின் உருவகம் அது. இந்தியாவுக்கு வந்தபோது உடன்பிறந்தார் சொல் நீங்கி 'பாஸ்' வந்தது. தமிழில் அண்ணன் என்பது உரிமையும் பொறுப்பும் கலந்த முறைப்பெயர். மறைந்திருந்து பார்ப்பவனுக்கு அது பொருந்தாது. 'பாஸ்' என்பதோ தொழிலிடத்துச் சொல். ஆணையிடுபவர் முதலாளி என்பது தொழில்நகரப் பார்வையாளருக்கு விளக்கமின்றியே புரியும். அக்குரல் ஏறக்குறைய மேடைத்தமிழில் பேச, வீட்டிலிருப்போர் பேச்சுத்தமிழில் விடை தருகின்றனர். ஆணைக்கு ஒரு தமிழ், வாழ்வுக்கு ஒரு தமிழ் என்னும் நம் இரட்டை வழக்கு அவ்வீட்டின் அமைப்பாகவே மாறிவிட்டது.

எனினும் இவ்வடிவம் தமிழில் வேரூன்றியதற்கு முதன்மைக் காரணம் வார இறுதி நிகழ்வு என்று கருதுகிறேன். பிரித்தானிய வடிவில் தொகுப்பாளரின் பணி, வெளியேறியவரை நேர்காண்பதாகவே பெரிதும் அமைந்தது. வாரந்தோறும் விசாரணை நடத்தும் முறையை இந்தி வடிவம் வளர்த்தது. தமிழில் கமல்ஹாசன் அதனைப் பட்டிமன்றமாக்கினார். இரு தரப்பையும் பேசவிட்டு, இடையில் மடக்கி, உவமை சொல்லி, இறுதியில் தீர்ப்பை ஒத்திவைக்கும் நடுவரின் உத்திகள் அனைத்தும் அங்கு உண்டு. நான்காம் பருவத்தில் புத்தகப் பரிந்துரையும் அதனோடு சேர்ந்தது. பட்டிமண்டபம் சிலம்பும் மேகலையும் அறிந்த சொல். குன்றக்குடி அடிகளாரும் சாலமன் பாப்பையாவும் நடுவராக வீற்றிருந்த மேடைகளைக் கண்ட மக்களுக்கு, வாதத்தைக் கேட்டுத் தாமும் ஒரு தீர்ப்பு வைத்திருப்பது பழகிய இன்பம்.

முதற்பருவத்தில் நடிகை ஓவியாவுக்குத் திரண்ட ஆதரவை இவ்வொளியில் காணலாம். வீட்டுக்குள் பெரும்பான்மை அவருக்கு எதிராக இருந்தது; வெளியே மக்கள் தீர்ப்பு அவர் பக்கம் நின்றது. பார்வையாளர் அங்கு ஒளிந்து பார்ப்பவராக இல்லை, நடுவராக இருந்தார். ஆர்வெல்லின் கண்காணிப்பு தமிழில் வழக்காடு மன்றமாயிற்று. இதுவே அதர்ப்பட யாத்தல்.

சமையலறையும் கோமாளியும்

பிரித்தானியாவில் 1990-இல் தோன்றிய 'மாஸ்டர் செஃப்' தமிழில் 2021 ஆகஸ்டில் சன் தொலைக்காட்சியில் தொடங்கியது. விஜய் சேதுபதி தொகுத்தளித்தார். ஒரு பருவத்துக்குப் பின் அத்தொலைக்காட்சியில் அது தொடரவில்லை. 2024-இல் தமிழ்வடிவம் இணையத்தளம் ஒன்றுக்கு இடம்பெயர்ந்தது. அதே காலத்தில், 2019-இல் விஜய் தொலைக்காட்சியில் தொடங்கிய 'குக் வித் கோமாளி' பருவந்தோறும் வளர்ந்து, பிற தென்னக மொழிகளும் தழுவும் மூலமாயிற்று.

இரண்டிலும் தமிழ்ச்சமையல் உண்டு. இரண்டிலும் போட்டி உண்டு. ஆனால் ஒன்றில் தட்டின் அழகையும் நுட்பத்தையும் வல்லுநர் மதிப்பிடுகின்றனர். திரைக்கு அப்பால் இருப்பவருக்குச் சுவை எட்டாது. ஆகவே அவர் தீர்ப்பில் பங்குபெற வழியில்லை. மற்றதில் சமைப்பவரோடு கோமாளி சேர்க்கப்படுகிறார். கோமாளி செய்யும் குழப்பத்தை மதிப்பிட வல்லுநர் அறிவு வேண்டா. மதுரை, விருதுநகர் வட்டாரக் கோயில் விழாக்களில் இரவு முழுதும் நடக்கும் இசை நாடகத்தில் பபூன் வகிக்கும் பங்கு இதுவே. அரசன் கதையை அவையோருக்குப் பக்கத்தில் கொண்டுவருபவர் அவர்தான். 'பபூன்' என்னும் பெயரே அயற்சொல் என்பதையும் இங்கு நினைக்க வேண்டும். நேற்றைய மேடை அயற்சொல்லை ஏற்றுத் தன் பாத்திரமாக்கிய வழியில்தான் இன்றைய தொலைக்காட்சியும் வெற்றி கண்டுள்ளது.

சுவீடனில் 1997-இல் தோன்றி உலகெங்கும் பரவிய தீவுப் போட்டியின் தமிழ்வடிவமான 'சர்வைவர்', 2021-இல் அர்ஜுன் தொகுத்தளிக்க, சான்சிபார் தீவில் படமாக்கப்பட்டு ஜீ தமிழில் வந்தது. அதுவும் ஒரு பருவத்தோடு நின்றது. அங்கே தீர்ப்பு முழுவதும் போட்டியாளரின் வாக்கிலேயே அடங்கியது. பார்வையாளருக்கு வாக்கும் இல்லை, வாதாடும் மன்றமும் இல்லை.

நடிகரின் புகழே வரவேற்புக்குக் காரணம் எனச் சிலர் கூறுவர். அவ்வாறாயின் விஜய் சேதுபதி தொகுத்த சமையற் போட்டி தொடர்ந்திருக்க வேண்டும். அவரே 2024-இல் 'பிக் பாஸ்' எட்டாம் பருவத்தை ஏற்றபோது நிகழ்ச்சி தடையின்றிச் சென்றது. நடிகர் ஒருவரே, அவருக்கு வாய்த்த இருக்கை வேறு.

ஊரும் பேச்சும்

புனைவுத் தொடர்களில் இச்சிக்கல் இன்னும் கூர்மையடைகிறது. அயல்நாட்டதன்று எனினும், இந்தித் தொடரான 'பஞ்சாயத்'தின் தமிழ்வடிவமாக 2024 செப்டம்பரில் வந்த 'தலைவெட்டியான் பாளையம்' நம் வட்டாரத்துக்கு அண்மையது. கதை நெல்லைச் சீமையில் நிகழ்கிறது. பட்டதாரி இளைஞன் தொலைவூரிலிருந்து ஊராட்சிச் செயலர் பணிக்கு வந்து சேர்வது வடநாட்டு மூலத்தின் அச்சாணி. தமிழ்நாட்டில் ஊராட்சிச் செயலர் பெரும்பாலும் அவ்வட்டாரத்தவரே. மூலத்தில் இயல்பாயிருந்த தொடக்கம் இங்கு விளக்கம் கேட்கிறது. அதன் இயக்குநர் நாகா, 1990-களில் 'மர்மதேசம்' வரிசையின் 'விடாது கருப்பு' வழியாக ஊர்க்காவல் தெய்வத்தையும் ஊராரையும் சின்னத்திரையில் நிறுத்தியவர். ஊரை அறியாத இயக்குநர் என்று அவரைச் சொல்ல இயலாது. காட்சியைக் காட்சியால் பெயர்த்ததே குறை என்பது என் துணிபு. பேச்சு நெல்லையினது ஆயிற்று. கதையின் முடிச்சு இடம்பெயரவில்லை.

யாருடைய செலவில்?

இதுவரை கூறியதைக் கொண்டு உள்ளூர்மயம் யாவும் நன்று என முடிவு கட்டலாகாது. அதற்கும் சிவகாசியே எச்சரிக்கை. இயந்திரத் தீப்பெட்டியைக் கைத்தீப்பெட்டி வென்றபோது, அவ்வெற்றியின் விலையில் ஒரு பங்கைக் குழந்தைகளின் கைகள் கொடுத்தன. 1996-இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு இவ்வூரின் தீப்பெட்டி ஆலைகளைக் குறித்த வழக்கிலேதான் பிறந்தது. அயற்பொருள் நம் பொருளாகும்போது யாருடைய செலவில் ஆகிறது என்று கேட்கும் கடமையை இவ்வூர் நமக்குக் கற்றுத்தந்துள்ளது.

தொலைக்காட்சி மன்றத்திலும் அவ்வினா உண்டு. பார்வையாளர் நடுவராகிறார், ஆனால் தீர்ப்புக்கு உட்படுபவரின் அழுகையும் சினமும் விற்பனைப் பொருளாகின்றன. எதைக் காட்டுவது, எதை வெட்டுவது என்னும் அதிகாரம் நிறுவனத்திடமே உள்ளது. சான்றுகளைத் தேர்ந்து தருபவரும் ஆதாயம் பெறுபவரும் ஒருவரேயான மன்றத்தில் நடுவுநிலை எவ்வாறு இயலும்? பட்டிமன்ற மரபை அறிந்த நாம் எழுப்ப வேண்டிய வினா இது. சீரழிவு என்று ஒதுங்கி நிற்பவர் இதனை எழுப்ப இயலாது, ஏனெனில் அவர் பார்ப்பதேயில்லை. எண்ணிக்கையை மட்டும் நோக்குபவருக்கு இவ்வினா தேவையே இல்லை.

மற்றொரு குறையும் உண்டு. பகலெல்லாம் பட்டாசுக்கும் தீப்பெட்டிக்கும் அச்சுக்கும் உழைத்து இரவில் இந்நிகழ்ச்சிகளைக் காணும் பெண்கள், வடிவம் எதிலும் தம்மைக் காண்பது அரிது. அவர்களது பேச்சுவழக்கு நகைச்சுவைக்குப் பயன்படும் அளவுக்குத் தீர்ப்புக்குப் பயன்படுவதில்லை. 'கோடீஸ்வரி' இருக்கையில் அமர்ந்த மதுரைப் பெண்ணைப் போன்ற விதிவிலக்குகள், வடிவத்தால் இயலாதது இதுவன்று என்பதை உணர்த்துகின்றன.

முடிவுரை

அயல்நாட்டு நிகழ்ச்சி தமிழில் நிலைபெறுவது உள்ளூர்ப்பொருளின் அளவாலோ நடிகரின் புகழாலோ முடிவாவதில்லை. பார்வையாளர் தாம் நின்று பேசுவதற்கு ஓர் இடத்தை மீளுருவாக்கம் தருகிறதா என்பதே முடிவு செய்கிறது. மாயாவி என்னும் ஒரு சொல்லும், 'நீங்களும்' என்னும் ஓர் உம்மையும், நடுவர் இருக்கையும், கோமாளியும் அவ்விடத்தைத் தந்தன. தொல்காப்பியர் வைத்த நிபந்தனை இன்றும் உயிரோடுள்ளது.

இக்கருத்து சோதிக்கப்பட வேண்டும். சிவகாசியின் அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரி 1963 முதலும், ஸ்டாண்டர்டு ஃபயர்ஒர்க்ஸ் ராஜரத்தினம் மகளிர் கல்லூரி 1968 முதலும் இம்மண்ணின் பிள்ளைகளுக்குக் கல்வி தருகின்றன. முத்து காமிக்ஸின் முதல் வாசகர்கள் இன்று அறுபதைக் கடந்தவர்கள். 2000-இல் 'கோடீஸ்வரன்' பார்த்த இளம்பெண்கள் இன்று நடுவயதினர். அவர்களின் பேரர்களும் பிள்ளைகளும் நம் வகுப்பறைகளில் அமர்ந்திருக்கின்றனர். வீட்டில் கேட்டு எழுதி வரும் பணியை முதுகலை மாணவர்க்குத் தந்தாலே வாய்மொழிச் சான்றுகள் சேரத் தொடங்கும். ஏட்டுச்சுவடிகள் அழிந்தபின் வருந்திய துறை நம் துறை. பார்வையாளரின் நினைவும் ஒரு சுவடியே. அதனைத் தொகுக்கும் காலம் இதுவே.